மாப்பிள்ளையின் கட்டைவிரல்

என் அண்ணனுக்கு வேலையே காரணம் சொல்வதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாதச் சம்பளம் அதற்குத்தான் வருகிறது. பார்சல் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறான். பார்சல் வரவில்லை என்று யாராவது கொதித்துப்போய் எழுதினால், ஏன் வரவில்லை என்று பதமாகப் பதில் தட்டுவான். மழை, வண்டிப் பழுது, முகவரியில் குழப்பம், ஓட்டுநருக்கு வயிற்றுவலி. பார்சல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அது வேறு பிரிவாம்.

இப்பேர்ப்பட்டவன் 'நல்லெண்ணம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தான். ஒருவன் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்து "என்னைத்தான் குத்திப் போட்டிருக்கான்" என்று இன்னொருவன் முடிவு கட்டி, இரண்டு பேரும் பள்ளிவாசல் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு வந்த குழு அது. நம் சகோதரன் தப்புச் செய்ததுபோலத் தெரிந்தால் அவனுக்காக எழுபது காரணம் யோசித்துப் பார் என்று முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்களே, அதுதான் அடிப்படை. கூடவே சந்தேகப்படக் கூடாது, துருவிப் பார்க்கக் கூடாது, புறம்பேசக் கூடாது, யாரையும் கேலி செய்யக் கூடாது. எல்லாம் வேதத்தில் உள்ளதுதான், எதையும் நான் குறை சொல்லவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தால் புத்தி கெட்டுப்போகிற காலத்தில் இளவட்டங்கள் இந்த அளவுக்கு யோசித்ததே பெரிய விஷயம். என் கல்யாணப் பேச்சு போய் அதற்குள் விழாமல் இருந்திருந்தால் நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என் வேலை பல் ஆஸ்பத்திரியில். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நாள் முழுக்கத் திறந்த வாய்கள். மரத்துப்போன உதட்டோடு யாராவது ஏதோ சொல்ல வருவார்கள். வாக்கியம் முடிகிறவரை நான் காத்திருப்பேன். முந்திக்கொண்டு நாமாக முடித்தால் தப்பான பல்லைப் பிடுங்கும்படி ஆகிவிடும், அதனால் வந்த பழக்கம்.

அவர் பெண் பார்க்க வந்த அன்று இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். பேச்சு கொஞ்சம் திக்கும். என்னிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தார், முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொறுக்குமா? "சமையலா? தெரியும் தெரியும்" என்றாள் மாமி. "படிப்பா? முடிச்சாச்சு" என்றான் அண்ணன். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முழுசாக வந்தது. "உங்களுக்கு உங்க வேலை பிடிச்சிருக்கா?"

அதுவரை வந்தவன் எல்லாம் வேலையை எப்போது விடுவாய் என்றுதான் கேட்டிருந்தான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெட்கப்பட எல்லாம் நேரமில்லை.

வாப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் பெண் வீட்டுக்குப் பெரியவன். "மாப்பிள்ளைகிட்ட நானே முறையா கேட்டுடுறேன்" என்று ஃபோனை எடுத்து ஏதோ நீளமாகத் தட்டி அனுப்பினான். நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டார். பதில் இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

இதற்கிடையில் மாமி இன்னொரு வரனைக் கொண்டுவந்தாள். அவன் வந்து உட்கார்ந்தான், தன் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று ஆரம்பித்தான், வண்டி நிற்கவே இல்லை. எல்லாம் பேசி முடித்துவிட்டு, "பொண்ணு எங்க?" என்று என்னிடமே கேட்டான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். கண்ணாடிக்கடைப் புள்ள பதில் சொல்லலைன்னா இந்த இடத்துக்கே வாக்குக் கொடுத்துடலாம்" என்று உம்மா சொல்லிவிட்டாள்.

அண்ணனைப் பிடித்தேன். "நீ ஃபோன் போட்டுக் கேளேன்."

"மூணு தடவை போட்டுட்டேன், எடுக்கல. அடுத்தவங்க வாசல்ல மூணு தடவை அனுமதி கேட்டும் பதில் வரலைன்னா திரும்பிடணும். ஃபோனுக்கும் அதுதான்."

"அப்போ நேர்ல போய்க் கேளு."

"போய்க் கேட்டா நான் சந்தேகப்பட்டதா ஆயிடும்."

"கேக்க வேணாம். கடைப்பக்கம் சும்மா நடந்து, ஆள் இருக்காரான்னு மட்டும் பார்த்துட்டு வா."

"அது துருவிப் பார்க்கிறது."

"அவங்க உம்மாகிட்ட விசாரி!"

"ஆள் இல்லாத இடத்துல அவரைப் பத்திப் பேசுறதா? புறம்."

"அப்போ எதுதான்டா ஹலால்?" என்று கத்தினேன். அண்ணன் அமைதியாகச் சொன்னான்: "காரணம் யோசிக்கிறது."

அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில். குழுவில் போட்டுவிட்டான், 'ஒரு சகோதரர் ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் தரவில்லை, அவருக்காக நல்ல காரணங்கள் தேவை' என்று. பெயர் போடவில்லையாம், அது பேணுதலாம். கூடவே 'லென்ஸ் வேலை பார்ப்பவர், என் தங்கையைப் பார்த்துவிட்டுப் போனவர்' என்று ஒரு சின்னக் குறிப்பு.

காரணங்கள் கொட்டின. ஃபோன் தண்ணீரில் விழுந்திருக்கலாம். சார்ஜர் தொலைந்திருக்கலாம். மகிழ்ச்சியில் பேச்சற்றுப் போயிருக்கலாம். தண்ணீர் கேன் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷர், அவர் 'மாப்பிள்ளை நல்ல முடிவு கேட்டு இரவு பகலாக இஸ்திகாரா தொழுதுகொண்டிருக்கலாம், தரையில் நெற்றி வைத்த சஜ்தாவிலிருந்து இன்னும் எழுந்திருக்காமல் இருக்கலாம்' என்று போட்டார். இதற்கு இருபது பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். என் அண்ணன் தன் அனுபவத்தை எல்லாம் திரட்டி, 'லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தில் கட்டைவிரல் பட்டிருக்கலாம், அதனால் தட்டச்சு செய்ய முடியாமல் இருக்கலாம்' என்றான். எல்லாரும் அதைத்தான் பிரமாதம் என்றார்கள்.

குழுவில் ஓர் எடிட்டர் உண்டு. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன், பெண் பார்த்த அன்றும் ஃபோனும் கையுமாக எங்கள் வீட்டில் நின்றவன். எதையும் நீளமாக விட்டால் அவன் கை சும்மா இருக்காது. அண்ணனின் காரணத்தை எடுத்து, பின்னால் ஒரு சூரிய அஸ்தமனப் படத்தைப் போட்டு, 'இருக்கலாம்' இரண்டையும் வெட்டிவிட்டான். 'கட்டைவிரல் இயந்திரத்தில் பட்டது. துஆ செய்யுங்கள்.' பார்க்க எடுப்பாக இருந்தது. மதியத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சாயங்காலம் மாமியிடமிருந்து உம்மாவுக்கு அழைப்பு. "ஏன்டி, மாப்பிள்ளைக்குக் கை போச்சாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

உம்மா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்தது. "இன்னா லில்லாஹி" என்றான், மவுத்துச் செய்தி கேட்டவன்போல.

"டேய், அந்த விரலைப் பத்தி எழுதினதே நீதானேடா!" என்றேன்.

"நான் பட்டிருக்கலாம்னுதான் எழுதினேன். இப்போ பட்டிருக்குன்னே வந்திருக்கு பாரு. உறுதியாயிடுச்சு."

"நீ விட்ட புளுகு ஊரைச் சுத்திட்டு உன்கிட்டயே வந்திருக்குடா!"

"மாமி புளுகுவாங்கன்னா சொல்றே? அப்படி நினைக்கிறதே பாவம்."

"ஒரு செய்தி வந்தா விசாரிச்சுத் தெளிவுபடுத்திக்கணும்னு குர்ஆன்லயே இருக்கே, அது உன் குழுவுக்கு வரலையா?"

"அது கெட்டவன் செய்தி கொண்டுவந்தா. இது மாமி."

கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுது என்பார்கள். இங்கே சொன்னவனும் கேட்டவனும் ஒரே ஆளாக இருந்தான். சொல்லப்போனால் எனக்கே ஒரு நிமிஷம் பக்கென்று ஆகிவிட்டது. அந்தக் கடை இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. ஒருவேளை விரல் பட்டிருந்தால்? லென்ஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிற அந்தக் கை என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் அண்ணன் முதுகில் ஒன்று வைத்தேன்.

அடி வாங்கியும் அவன் முகத்தில் திடீரென்று வெளிச்சம். "ஏய்! இப்போ போகலாம்! நோயாளியைப் பார்க்கப் போறது கடமை!"

பாருங்கள், நல்லா இருக்கிற மனுஷனைப் பார்க்கப் போக வழியில்லாமல் இருந்தது. அவருக்குக் கை போன பிறகுதான் கதவு திறந்தது.

மறுநாள் காலை தண்ணீர் கேன் அண்ணாச்சியின் வண்டியில் கிளம்பினோம். காலி கேன்களுக்கு நடுவில் நானும் உம்மாவும். முன்னால் அண்ணாச்சி, அண்ணன், மடியில் ஆப்பிள் பையோடு எடிட்டர். ஒவ்வொரு வளைவிலும் கேன்கள் உருண்டு வந்து என் முழங்காலில் மோதின. உம்மா வழியெல்லாம் நோய் குணமாவதற்கான ஷிஃபா துஆவை ஓதிக்கொண்டு வந்தாள், நடுநடுவே "கை இல்லாம எப்படிடி சம்பாதிப்பாரு?" என்றும் கேட்டாள். "வாய் இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வீடு கடைக்கு மாடியில். ஏறுவதற்கு முன்னால் கடைக் கண்ணாடி வழியாக நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தார். இரண்டு கை, பத்து விரல். ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த நிம்மதிக்கு அளவே இல்லை, கூடவே கோபமும். விரல் இருக்கிறது, ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறது, பிறகு ஏன் பதில் இல்லை?

அண்ணனும் பார்த்தான். "அல்லாஹ்வுடைய குத்ரத்து! அதுக்குள்ள குணமாயிடுச்சு!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பின்னால் அண்ணாச்சி, எடிட்டர், ஆப்பிள். ஒழுக்கம் பேணும் குழுவில் ஒருத்தருக்கும் உள்ளே நுழையும்போது சலாம் சொல்லத் தோன்றவில்லை.

அவர் எழுந்து நின்றார். அவர்தான் சலாம் சொல்ல ஆரம்பித்தார். "அஸ்... அஸ்..." என்று வருவதற்குள் அண்ணன் "வஅலைக்கும் ஸலாம்" என்று முடித்துவிட்டான். அவர் ஒரு மூச்சு இழுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடைசி வார்த்தை வரைக்கும் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார். கடையில் படிக்கும் கண்ணாடி வாங்க வந்த ஒரு வாத்தியார் இருந்தார். அவர் எங்களையும் ஆப்பிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணாச்சி போய் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து ஓதி ஊதினார். அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஊதி முடிக்கட்டும் என்று நின்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவரை இன்னும் கொஞ்சம் பிடித்தது.

உம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "தம்பி, கை நல்லாயிருக்கு, அல்ஹம்துலில்லாஹ். நாங்க ஒரு விஷயம் கேட்டிருந்தோம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லிடுங்க. வேணாம்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. "ச... ச..."

சம்மதம் என்றாலும் அந்த எழுத்துதான், சம்மதமில்லை என்றாலும் அதே எழுத்துதான். பல் ஆஸ்பத்திரியில் எத்தனையோ வாயைப் பார்த்திருக்கிறேன், ஒரு வாயை இப்படிப் பார்த்ததில்லை. "ச... சம்... சம்மதம்" என்றார்.

"அல்லாஹு அக்பர்!" என்று அண்ணன் எம்பிக் குதித்தான். எடிட்டர் அதைப் படம்பிடித்து அனுப்பியே விட்டான். அண்ணாச்சி அண்ணனைக் கட்டிக்கொண்டார். எல்லாருடைய ஃபோனும் முபாரக் முபாரக் என்று கத்த ஆரம்பித்தது. உம்மாவின் ஃபோனில் மாமி. "கை போனாலும் பரவாயில்லைன்னு கொடுத்துட்டீங்களா? உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுடி!"

நான் மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மூடவில்லை.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன். "அவரு இன்னும் முடிக்கல!"

கடை அடங்கியது. அவர் மெதுவாக முடித்தார். "சம்மதம்... சொல்றதுக்கு முன்னாடி... உங்க அண்ணன் எனக்கு அ... அனுப்பினத நீங்க பார்க்கணும்."

ஃபோனை என் பக்கமாகத் திருப்பி நீட்டினார். அண்ணன் அனுப்பிய செய்தி. பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, மரியாதைக்குரிய சகோதரர் அவர்களுக்கு என்று போட்டு, என் தங்கையை நிகாஹ் செய்துகொள்ளத் தங்களுக்குச் சம்மதமா என்று கேட்டு, ஒரு குறையும் இல்லாத கடிதம். அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர். கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு தலை, மேலே ரோஜாப்பூ மழை. வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது, ஒரு சொல்லும் வராமல் தலை மட்டும் வெட்டி வெட்டி ஆடுகிறது. கீழே ஜிகினா எழுத்தில் 'இன்ஷா அல்லாஹ்.'

நான் பக்கென்று சிரித்துவிட்டேன். அடக்க நேரமே இல்லை.

அப்புறம்தான் அந்தச் சட்டையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று போட்டிருந்த சட்டை. பின்னால் தெரிந்தது எங்கள் வீட்டுத் திரைச்சீலை. உங்களுக்கு உங்க வேலை பிடிச்சிருக்கா என்று அவர் கேட்க வந்த அந்த நிமிஷத்தை எவனோ வீடியோ எடுத்து, வெட்டி, கண்ணாடி மாட்டி, பூத் தூவி வைத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ, எடிட்டர் ஆப்பிள் பையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அது... அது எங்க குழு ஸ்டிக்கர்" என்றான் அண்ணன். "பிரியத்துலதான் செஞ்சாங்க. மச்சானாகப் போறவருன்னு. எல்லாத்துக்கும் கடைசியில இன்ஷா அல்லாஹ்வுக்கு அதைத்தான் போடுவோம். விரல் பழக்கத்துல போய்... நான் கவனிக்கல, ஒருவேளை நெட்வொர்க்..."

"காரணம் சொல்லாதடா!" உம்மா எழுந்தேவிட்டாள். இப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. "அந்தப் புள்ளைக்கு விரல் போச்சு, ஃபோன் போச்சுன்னு என்னென்னமோ யோசிச்சியே. நாம ஏதாச்சும் பண்ணிட்டமான்னு ஒரு தடவை யோசிச்சியா? உன் ஃபோன்லயே இருந்துச்சேடா!"

அண்ணன் தரையைப் பார்த்தான். அவன் அழுவதை நான் வாப்பா போன அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். "மச்சான், தப்பு. என்னை மன்னிச்சுடுங்க" என்றான். எடிட்டர் பைக்குப் பின்னாலிருந்தே, "நானும்" என்றான்.

ஆனால் அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்ததைத்தான் பார்த்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அது நீங்கள் என்று தெரியாமல் சிரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் ஒரு வாரமாகக் காரணங்களாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பேச்சே வெறுத்துப்போயிருந்தது.

"சிரிச்சிட்டேன்" என்றேன். "மன்னிச்சுடுங்க."

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார், அதையும் முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, கேவாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நா... நானும் முதல்ல சிரிச்சேன்" என்றார். "அப்புறம்தான் அது நான்னு தெரிஞ்சுச்சு."

கண்ணாடி வாங்க வந்த வாத்தியார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

அவர் அந்த லென்ஸைத் துணியில் சுற்றிப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு நேராக நின்றார். "ச..." என்று ஆரம்பித்தார்.

அண்ணனின் உதடு தானாகப் பிரிந்தது. அவனே தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். எடிட்டர் ஃபோனை அணைத்துவிட்டான். "ச... ச..." உம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவர் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். நாங்கள் இத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"சம்மதம்" என்றார்.

இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். வாத்தியாரும் காத்திருந்தார். மிச்சம் எதுவும் இல்லை.